சோதனைக்கு ஒரு சாவு

கருவி என்றதும் ஸ்பானர், சுத்தியல் என்று யாரும் கற்பனை பண்ண வேண்டாம். சேதுலட்சுமியின் கருவிக்கு எடையும் கிடையாது, முனையும் கிடையாது. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள், அவ்வளவுதான். ராமநாதபுரம் சாலைத் தெருவில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் ஓட்டைக் கம்ப்யூட்டரில் அதை இறக்கி நிறுவுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பாதி இறங்கும்போது கரண்டு போகும். வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். இது 2009ஆம் வருஷத்து மாசி மாதம். கரண்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வேலை இதுதான். விவசாயத் தொழிலாளர்களுக்கான ஒரு நலத்திட்டத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் பொறுப்பைச் சென்னையில் ஒரு பெரிய கம்பெனி எடுத்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் எடுபிடி வேலையை மட்டும் இந்த மாடிக்குத் தள்ளிவிட்டிருந்தது. திட்டத்தின் கம்ப்யூட்டரிடம் மற்றக் கம்ப்யூட்டர்கள் வந்து கேட்கவும் சொல்லவும் சில வாசல்கள் உண்டு. ஏபிஐ என்பார்கள். ஒரு வாசலில் உறுப்பினர் எண்ணைக் கொடுத்தால் குடும்ப விவரம் வரும். இன்னொன்றில் விலாசம் மாற்றலாம், வேறொன்றில் கல்யாண உதவி கேட்கலாம். ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டி, ஒழுங்கான பதில் வருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் கருவி. பதில் சரியென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. அபிராமத்து மிளகாய்க் காட்டில் அம்மா குனிந்து குனிந்து பழம் பறித்து மகளை எம்.சி.ஏ. படிக்க வைத்தது இப்படி வாசல் வாசலாகத் தட்டுவதற்குத்தான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது; அதனால் யாரும் சிரிக்கவில்லை.

கருவியைத் தயார் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து விளக்கக் கோப்பு ஒன்று வரும். அதைக் கருவிக்குக் கொடுத்தால் எல்லா வாசல்களும் இடப்பக்கம் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு முகவரிப் பெட்டி. நிஜக் கம்ப்யூட்டரின் முகவரி ஒன்று. அதை அப்படியே நகலெடுத்து வைத்திருந்த சோதனைக் கம்ப்யூட்டரின் முகவரி இன்னொன்று. கோப்பு வரும்போது நிஜ முகவரியோடுதான் வரும். அதை அழித்துவிட்டுச் சோதனை முகவரியைக் கையால் போட்டுக்கொள்ள வேண்டும். சேதுலட்சுமி முதல் நாளே எல்லாவற்றுக்கும் போட்டு முடித்துவிட்டாள். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தார்கள் சென்னைக்காரர்கள். வெவ்வேறாக வைக்க அவர்களுக்குச் சோம்பல்.

நகல் என்பதால் அதில் இருந்தவர்கள் எல்லாரும் நிஜ ஆட்கள். இல்லாத எண்ணைப் போட்டால் வாசல் திறக்காது. அதனால் மாடியில் ஒரே கூத்து. பக்கத்து நாற்காலி கனி, திருப்பாலைக்குடிக்காரன், தன் தெருக் கிழவர் ஒருவரை மண்டபத்துக்குக் குடிமாற்றினான். மேனேஜர் ராமசுப்பிரமணியன், முதுகுளத்தூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, தங்கள் வயலில் வேலை பார்க்கும் ஒரு தாத்தாவுக்குக் கல்யாண உதவி வாங்கிக் கொடுத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். சேதுலட்சுமி தன் எதிர்வீட்டு முருகேஸ்வரியை இரட்டைப் பிள்ளை பெற வைத்தாள். சோதனைக் கம்ப்யூட்டர்தானே, யாருக்கு என்ன போச்சு.

ஒரு நாள் இறப்புப் பதிவு வாசல் வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"யாரப் போடுறது?" என்று கேட்டாள்.

"எங்க ஊரு ஆளுக வேணாம்," என்றான் கனி. "வாப்பா காதுக்குப் போச்சுன்னா வீட்டுல எனக்குச் சோறு கிடையாது."

"சார், நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க."

ராமசுப்பிரமணியன் சட்டைப் பையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டுக்கொண்டார். "எங்க ஆளுகளும் வேணாம்மா. நல்லா இருக்கிறவனப் போயி எதுக்கு. எதாச்சும் தெரியாத ஊரு நம்பராப் போட்டு முடி."

தெரியாத ஊர்க்காரன் மட்டும் என்ன, நாதியற்றவனா? அவனுக்கும் ஒருத்தி சோறாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் தெரியாதவன் தலையில் சாவை எழுத சேதுலட்சுமிக்குக் கை வரவில்லை. படித்த படிப்பெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், உயிரோடு இருப்பவனைச் செத்தான் என்று எழுதக்கூடாது. மாடியில் இருந்த மூன்று பேருக்கும் அதில் சந்தேகமே இல்லை.

அப்போதுதான் அவளுக்குத் தன்னைப் பெற்ற அய்யாவின் நினைப்பு வந்தது.

அய்யா கூத்தையா, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே உச்சிப்புளித் தென்னந்தோப்புக் காவலுக்கு என்று போனவர். போன இடத்தில் ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டார். ஒரு தீபாவளி, பொங்கலுக்கு எட்டிப் பார்த்தது கிடையாது. "அந்தாள நான் தலைமுழுகியாச்சு" என்று அம்மா பாண்டியம்மாள் தெருவில் நின்று சொல்வாள், காட்டில் சொல்வாள், ரேஷன் கடை வரிசையில் சொல்வாள். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளை இவள். அந்த அம்மாதான் தை அமாவாசை தவறாமல் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட மகளையும் இழுத்துக்கொண்டு போவாள். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகச் சின்னப் பிள்ளை மாதிரி மல்லுக்கட்டுவாள். உச்சிப்புளி தாண்டியதும் ஜன்னலை மகளுக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போவாள். காற்றுக்காகத்தான் என்று சேதுலட்சுமி நினைத்திருந்தாள்.

அம்மாவின் நலத்திட்ட அட்டை எண்ணைக் கருவியில் அடித்தாள். ஆளுக்கு ஓர் எண்ணோடு விவரம் வந்தது. குடும்பத் தலைவர் கூத்தையா, நிலை உயிருடன். மனைவி பாண்டியம்மாள். மகள் சேதுலட்சுமி.

அவளுக்குக் கோபம் குப்பென்று ஏறியது. அட்டை எழுத வந்தவர்களிடம் அம்மா இந்தப் பேரையா கொடுத்திருக்கிறாள்? காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது அம்மா. காலேஜ் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அம்மா. தலைவர் என்று எழுத மட்டும் இவராம். தலைமுழுகின ஆளுக்கு அட்டையில் என்ன வேலை?

அன்று காலையில்தான் சென்னையிலிருந்து திருத்திய விளக்கக் கோப்பு வந்திருந்தது. அதை ஏற்றும்போது கருவி ஏதோ கேள்வி கேட்டது. எல்லாரும் செய்வதைப்போல வாசிக்காமல் சரி என்று அழுத்தியிருந்தாள். இப்போது இறப்புப் பதிவு வாசலைத் திறந்தாள். கூத்தையாவின் எண்ணைப் போட்டாள். தேதிக்கு அன்றைய தேதி, காரணத்துக்கு இயற்கை மரணம். அனுப்பினாள். பச்சை விழுந்தது. கூடவே, கிராம அலுவலருக்குக் குறுஞ்செய்தி போய்விட்டதாக ஒரு வரி. சோதனைக் கம்ப்யூட்டர் அப்படித்தான் சும்மாவாச்சும் சொல்லும்.

"யாரப் போட்ட?" என்றான் கனி.

"எங்கய்யாவ."

"அவுக உசுரோட இருக்காகன்னுல்ல சொன்ன."

"எங்களுக்கு இல்ல."

அப்படிச் சொன்னபோது அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆளை நேரில் பார்த்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்ட திருப்தி. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

கை கழுவிக்கொண்டிருக்கும்போது முருகேஸ்வரியின் போன் வந்தது.

"ஏத்தா சேது, மனசத் தைரியமா வச்சுக்க. ஒங்கய்யா தவறிட்டாராம். தலையாரி மூக்கையா வந்து சொல்லிட்டுப் போறாரு. மேலருந்து சேதி வந்திருக்காம். ஒங்கம்மா பேச்சுமூச்சு இல்லாம உக்காந்திருக்கு. அங்கனயே மண்ணுல வச்சிருப்பாக, இனிமே என்னத்தக் காத்திருக்கன்னு பெருசுக பேசுறாக. பொழுது சாயறதுக்குள்ள கம்மாக்கரையில செய்ய வேண்டியதச் செய்யணுமாம். வெரசா வா."

காலையில் எழுதினேன், மத்தியானம் போய்விட்டார். அப்படித்தான் சேதுலட்சுமிக்குத் தோன்றியது. கனியும் மேனேஜரும் பயந்தது சரிதான், என் வாக்குப் பலித்துவிட்டது என்று தோன்றியது. படித்த மூளை ஒரு நிமிஷம்கூடக் குறுக்கே வரவில்லை. "அய்யா செத்துட்டாராம்" என்று கனியிடம் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைக்கூட அணைக்காமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

முதுகுளத்தூரை நெருங்கும்போது கனியின் போன் வந்தது.

"சேது, எங்கன இருக்க?"

"பஸ்ல."

"ஒன் கம்ப்யூட்டர நிப்பாட்டலாம்னு போனேன். முகவரிப் பெட்டியில நெசக் கம்ப்யூட்டர் முகவரி நிக்கிது. காலையில புதுக் கோப்பு ஏத்துனல்ல, அது எல்லா முகவரியையும் பழையபடி மாத்திருச்சு. நீ அனுப்புனது நேரா அங்க போயிருச்சு. அதுலதான் ஒங்க ஊருக்குச் சேதி போயிருக்கு. ஒங்கய்யாவுக்கு ஒண்ணும் இல்ல."

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறான் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சலும் வந்தது. அதற்குப் பிறகுதான் அம்மாவின் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது.

கனியிடமிருந்து மேனேஜர் போனை வாங்கினார். "சேது, யார்ட்டயும் மூச்சு விட்டுறாத. நான் கோப்ப முழுசாப் பாத்துட்டேன். செத்தவன்னு பதியத்தான் வாசல் இருக்கு, இல்லன்னு மாத்த வாசலே வைக்கல. மேல எழுதிக் குடுத்துத்தான் மாத்தணும். எழுதிக் குடுத்தா நம்ம காண்ட்ராக்ட் காலி, ஒன் வேலையும் காலி. ஆளு ஊருலயே இல்லன்னுதான சொல்ற. யாருக்கு என்ன நட்டம்? ஒங்கம்மாவுக்கும் விதவை உதவி வந்துட்டுப் போகட்டுமே."

அவள் போனை வைத்தாள். உடனே முருகேஸ்வரிக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். முருகேஸ்வரி போனை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே போகிற பெண். ஊரில் வேறு யார் நம்பரும் அவளிடம் இல்லை. கமுதியில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். ஆற அமரக் குடித்தார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியுமா என்ன? ஆனாலும் அந்த டீ அவர் தொண்டையில் சிக்கட்டும் என்று சேதுலட்சுமி மனசாரச் சபித்தாள்.

வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அய்யாவின் அண்ணன் மலையாண்டி. தம்பி ஓடிப்போனதற்கே பாண்டியம்மாளின் வாய்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். இந்த வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது. இப்போது தோளில் துண்டோடு எழுந்து வந்தார்.

"வந்துட்டியாத்தா. எல்லாரும் கம்மாக்கரைக்குப் போயிட்டாக."

"பெரியப்பா, எப்பப் போனாக?"

"இந்நேரம் திரும்பியிருப்பாக."

அவள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். தெருக்கோடியில், புளியமரத்துக்குக் கீழே பெண்கள் எதிரே வந்தார்கள். நடுவில் அம்மா. ஈரத்தலை, மேலே மாமன் கொண்டுவந்த கோடிச் சேலையைப் போர்த்தியிருந்தார்கள். எந்தக் காய்ச்சலிலும் அழியாத அந்தக் காலணா அகலப் பொட்டு இல்லாமல் நெற்றி வெறிச்சென்று இருந்தது. கழுத்தை அவள் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. முருகேஸ்வரி கையில் ஒரு பித்தளைக் கிண்ணம், அதில் பால், பாலுக்குள் மஞ்சள் கயிறு.

வீட்டுக்குள் அம்மாவை அடுப்படியோரம் உட்கார வைத்துவிட்டுப் பெண்கள் முன்கட்டுக்கு நகர்ந்ததும் சேதுலட்சுமி கதவைச் சாத்தினாள். அம்மா அழுது ஓய்ந்திருந்தாள். குரல் கட்டியிருந்தது.

"அவ சொல்லிவிடல பாத்தியா. மண்ணுல தள்ளிட்டு கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருக்கா. கட்டுனவ ஒருத்தி இங்கன குத்துக்கல்லாட்டம் இருக்கேன்." மூக்கைச் சிந்தினாள். "ஆனா ஒங்க பெரியப்பா வந்தாக. அவுக வீட்டுப் பொம்பளைக எல்லாம் வந்து என்னையக் கட்டிப்பிடிச்சு அழுதாக. ஒரு சொல்லு கொறையா சொல்லல."

"அம்மா, அவரு சாகல."

அம்மா நிமிர்ந்தாள்.

சேதுலட்சுமி சொன்னாள். கருவி, கோப்பு, முகவரி என்று எங்கெங்கேயோ ஆரம்பித்து, ஒன்றும் சரியாக வராமல், கடைசியில் சுருக்கமாகச் சொன்னாள். ஆபீஸில் சோதனைக்கு ஒரு ஆளைச் செத்ததாக எழுத வேண்டியிருந்தது, அது தவறி நிஜமாகவே பதிந்துவிட்டது.

"எவ அவன் பேரக் குடுத்தது?"

"நாந்தான்."

அடிப்பாள் என்று நினைத்தாள். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்?"

"நீதான தலைமுழுகியாச்சுன்னு சொல்லுவ. சின்னப் பிள்ளையில இருந்து நீதானம்மா சொன்ன."

"வாயால சொன்னேண்டி." அம்மாவின் குரல் உயரவே இல்லை. "வயித்தெரிச்சல்ல வாயால சொன்னேன். சொல்லிட்டுத் தெனமும் கண்ணாடியப் பாத்துப் பொட்டு வச்சனே, அது ஒன் கண்ணுக்குத் தெரியலயா? நான் சொல்லத்தான செஞ்சேன். நீ எழுதிப் போட்டுட்ட."

ராமேஸ்வரம் பஸ்ஸின் ஜன்னல் சீட்டு சேதுலட்சுமியின் கண்முன் வந்து நின்றது. உச்சிப்புளி வரைக்கும் தோப்பு தோப்பாகப் பார்த்துக்கொண்டு வந்த அந்த முகமும் வந்தது. இத்தனை வருஷம் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்திருந்து என்ன பிரயோசனம்?

"வெளிய போயி எல்லாருக்கும் சொல்லிர்றேன்," என்றாள். "வேலை போனாப் போகுது. கிண்ணத்துல இருக்கிறத எடுத்துக் கட்டிக்கம்மா."

"நானேயா?" அம்மா சிரித்த மாதிரி இருந்தது. "ஊருக்கு முன்னால அறுத்தத நானே எடுத்துக் கட்டிக்கிடவா? கட்டுறதுன்னா அவன்தான் வந்து கட்டணும். உச்சிப்புளிக்குப் போயிக் கூட்டிட்டு வாரியா? சொல்லுடி, வருவானா?"

முன்கட்டில் யாரோ காபி கேட்டார்கள், யாரோ அதட்டினார்கள்.

"யார்ட்டயும் சொல்லாத," என்றாள் அம்மா. "உசுரோட இருந்தா அவன் அவ புருசன். செத்துட்டாத்தான் எனக்குப் புருசன். இன்னைக்கு ஊரே வந்து அப்படிச் சொல்லித்தான் அழுதுச்சு. அதயும் புடுங்கிறாத."

மேனேஜர் கேட்டதும் அதைத்தான். ஆக எல்லாருக்கும் சௌகரியம். கூத்தையாவுக்கு உச்சிப்புளியில் ஒன்றுமே தெரியாது. அவர் பாட்டுக்குத் தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டு நன்றாகத்தான் இருந்திருப்பார். எந்தக் காலத்தில் அவருக்கு ஒன்று தெரிந்தது?

காரியம் முடிந்து சேதுலட்சுமி ராமநாதபுரம் திரும்பினாள். மாடியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இறப்புப் பதிவுச் சோதனை சோதனைக் கம்ப்யூட்டரில் இன்னும் நடக்கவே இல்லை, சென்னையிலிருந்து கேட்கிறார்கள் என்றார்.

அவள் கருவியைத் திறந்தாள். முகவரிப் பெட்டியில் சோதனை முகவரியைக் கையால் அடித்து, எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். முதலில் அம்மாவின் அட்டை எண்ணைப் போட்டு விவரம் கேட்டாள். குடும்பத் தலைவர் கூத்தையா, நிலை உயிருடன். மனைவி பாண்டியம்மாள். நகலில் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். அந்த ஒரு இடத்தில்தான் அவள் அம்மா இன்னும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"சேது," என்றான் கனி மெதுவாக, "எங்க பெரிய வாப்பா நம்பர் தாரேன். அவுகளுக்கு வயசாயிருச்சு, ஒண்ணும் நெனைக்க மாட்டாக."

"வேணாம்."

இறப்புப் பதிவு வாசலைத் திறந்து, அதே அட்டையின் மூன்றாவது எண்ணைப் போட்டாள். பெயர்: சேதுலட்சுமி. உறவு: மகள். தேதியையும் காரணத்தையும் நிரப்பி அனுப்பினாள். பச்சை விழுந்தது. சோதனை தேறியது என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள்.